தட்டாத மேசை

பதினோரு மணிக்குக் குலசேகரன் எழுந்தால் எங்கள் அலுவலகத்தில் டீ நேரம். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். வாசலை நோக்கி நடந்தபடியே ஒவ்வொரு மேசையையும் விரல்முட்டியால் இரண்டு முறை தட்டுவார். நாங்கள் எழுந்து பின்னால் போவோம். எனக்கு முந்தைய மேசை அமுதவல்லியுடையது. அதை மட்டும் அவர் தட்டுவதில்லை. எட்டு மாதங்களாக, என் மேசைக்கு அவர் வருமுன் அந்தச் சத்தமில்லாத நொடியைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“அமுதவல்லி மேடத்தையும் கூப்பிடலாமே சார்?” என்று ஒருநாள் டீக்கடையில் கேட்டுவிட்டேன்.

“அவங்க வரமாட்டாங்கப்பா. டீ ஆறுது, குடி.”

மறுநாள் என் மேசையை அவர் ஒருமுறைதான் தட்டினார். அதன்பின் நான் எதுவும் கேட்கவில்லை.

ஆனாலும் வரிசை முழுவதும் விடுபடாமல் ஒலித்தால் எப்படியிருக்கும் என்று ஓர் ஆசை. நேற்று அவர் அமுதவல்லியைத் தாண்டும்போது, என் மேசைக்கடியில் கையை விட்டு நானே இரண்டு முறை தட்டினேன்.

“இதோ வந்துட்டேன் சார்!” என்றார் அமுதவல்லி. மேசைக்கடியில் கழற்றிப் போட்டிருந்த செருப்பைக் கால்களால் அவசரமாகத் துழாவினார். இரண்டாவது செருப்பு அகப்படுவதற்குள் எல்லோரும் படியிறங்கிவிட்டார்கள். நானும்தான்.

இன்று பதினொன்றாக இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. அமுதவல்லி இரண்டு செருப்பையும் போட்டு, வாரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.