குளத்தூருக்கு மட்டும்

"அத அழிச்சுக் களையாதீங்க சாரே, கெஞ்சிக் கேக்கேன்!"

டெனிலின் கீழ் வேலை பார்க்கும் அஷ்வதியின் குரலில் அழுகை எட்டிப் பார்த்தது. அவனுக்கு அதைக் கேட்கப் பொறுமையில்லை. கேரளத்தின் தமிழ் எல்லைப் பக்கம், நெய்யாற்றின்கரை ஆபீசில் இருந்தபடியே முப்பது கிளினிக்குகளின் கம்ப்யூட்டர்களையும் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு. ஒரே கட்டளையில் முப்பதுக்கும் ஒரே செட்டிங் போய்ச் சேரவேண்டும். இருபத்தொன்பதுக்குப் போய்விட்டது. குளத்தூர் மட்டும் முரண்டு பிடித்தது. காரணம், அதற்கென்று அஷ்வதி தனியாக எழுதி வைத்திருந்த ஒரு சின்ன ஃபைல். பொது செட்டிங் என்ன சொன்னாலும் சரி, குளத்தூர் மிஷின் அந்த ஃபைல் சொல்வதைத்தான் கேட்கும்.

"ஊருக்கு ஒரு வழி, இடும்பனுக்கு ஒரு வழியா? அப்படி என்னதான் எழுதி வச்சிருக்க?"

"நோயாளிகளுக்கு எல்லா எடத்துலயும் மெசேஜ் மலையாளத்துல போவும். குளத்தூர்ல கூடவே தமிழ்லயும் போவும். அம்புட்டுதான்."

டெனில் சிரித்துவிட்டான். "நான் பெறந்து வளந்த ஊராக்கும் அது. அங்க மலையாளம் வராத ஒராள் உண்டா?"

"பேச எல்லாருக்கும் வரும் சாரே. வாசிக்கணும்லா? பழைய சர்ச்சுக்காரங்க சிலபேருக்குத் தமிழ் பைபிள் வாசிச்சுப் படிச்ச எழுத்து மட்டுந்தான் தெரியும். 'சுகர் மாத்திரையப் பாதியாக் கொறைக்கணும்'னு மெசேஜ் போயிருக்கு. ஒரு அம்மா அத வாசிக்கத் தெரியாம, முழுசாத் தின்னு மயங்கி விழுந்திச்சு. ஆருட்டயும் சொல்லாதேன்னு நர்ஸ் பிந்துஜா கையப் புடிச்சு அழுதிச்சாம். வெக்கம், பாவம். அதுக்குப் பொறவாக்கும் நான் இத எழுதினது."

"இப்பம் அந்தத் தமிழ் மெசேஜ எத்தன பேரு தொறந்து பாக்காங்க?"

அஷ்வதி தலையைக் குனிந்துகொண்டாள். "ஒராளு."

"ஒரே ஒராளு! அதுக்காக ஒவ்வொரு அப்டேட்டுக்கும் நான் தலையப் பிச்சுக்கணுமா?"

"அந்த ஒராளுக்கு உயிருல்லா சாரே போவும்."

டெனில் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை. ஆனால் இன்றைக்கு ஒருவருக்காக இளகினால், நாளைக்கு முப்பது இடத்திலும் முப்பது ஃபைல் முளைக்கும். பிறகு எதை எங்கே மாற்றினோம் என்று ஆண்டவனுக்கே தெரியாது.

"செரி, அந்த நம்பரச் சொல்லு. மலையாளம் வாசிக்கிற பிள்ளைங்க வீட்டுல உண்டான்னு நானே கேக்கேன். உண்டுன்னு சொன்னா, வாசிச்சுச் சொல்லச் சொல்லிட்டு இத அழிச்சிருவேன். பொறவு நீ ஒண்ணும் சொல்லப்பிடாது."

அவள் மனசில்லாமல் சொல்லச் சொல்ல, அவன் தன் போனில் ஒவ்வொரு எண்ணாக அழுத்தினான். ஏழாவது எண்ணிலேயே போன் முந்திக்கொண்டு, அந்த நம்பருக்கு உரியவரின் பெயரைக் காட்டியது.

அம்மா.

திருவனந்தபுரத்துக்குக் குடிபோன இந்தப் பதினோரு வருஷமாக, தினமும் காலையில் அவன் மலையாளத்தில் அனுப்பிய எல்லாச் செய்திகளுக்கும் அவள் ஏன் ஒரு கும்பிடு படத்தை மட்டுமே பதிலாக அனுப்பினாள் என்பது அப்போதுதான் டெனிலுக்குப் புரிந்தது.