மாத்திரைக்குப் பேரம்

"மூணு! காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. இதுக்குக் கீழே கால் மாத்திரைகூடக் குறைக்க மாட்டேன், டாக்டர்."

சொல்லிவிட்டுக் கம்பளக் கடைக்காரர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். முதல் பேச்சை உரக்கப் பேசிவிட்டுச் சாய வேண்டும், அதுதான் முறை. முப்பத்தெட்டு வருஷம் தரையில் மண்டியிட்டுக் கம்பளம் விரித்து விரித்துக் காட்டியதில், அவருடைய வலது முழங்கால் பன்னு மாதிரி உப்பிக் கிடந்தது. சனிக்கிழமையோ அறுபது தாண்டிய தம்பதிகளுக்கு நடனப் போட்டி. போன வருஷக் கோப்பையை எதிர்க்கடை விளக்குக்காரரும் அவர் சம்சாரமும் தட்டிக்கொண்டு போனார்கள். போனதோடு விட்டார்களா? வாசலிலேயே வைத்து, அதன்மேல் நாலு விளக்கையும் போட்டுவிட்டார்கள். தினம் கடை திறக்கும்போதெல்லாம் கண்ணைக் குத்துகிறது.

டாக்டரம்மா நேற்றே முழங்காலை அமுக்கிப் பார்த்து, ரத்தப் பரிசோதனைக்கும் அனுப்பியிருந்தார். இன்றைக்கு மருந்து.

"மாத்திரையே கிடையாது. தடவற ஜெல் மட்டும்தான்," என்றார் டாக்டர்.

"ஜெல்லா? இது முழங்கால் டாக்டர், தலைமுடி இல்லை!"

பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த மனைவி குறுக்கிட்டாள். "என்ன டாக்டர், இப்படி ஒரேயடியா அடிக்கிறீங்க? பாவம், படியேறும்போது சின்னப் பிள்ளை மாதிரி அழறார். கொஞ்சம் பார்த்துப் போடுங்க."

அவளுக்கு இளகின மனசு. கடையிலும் அப்படித்தான், எப்போதும் வாங்க வந்தவர் பக்கமே பேசுவாள். அதற்காக அவர் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை.

"உங்களுக்கு வயசு அறுபத்திரண்டு. பிரஷர் மாத்திரை வேற ஓடுது," என்றார் டாக்டர். "இந்த வலி மாத்திரை அதிகமானா வயித்துல புண்ணு வந்து ரத்தம் கசியும். கிட்னி அடி வாங்கும்."

"கிட்னி ரிப்போர்ட் நல்லா இருக்குன்னு நீங்களேதானே சொன்னீங்க!"

"நல்லா இருக்கிறதைக் கெடுக்கணுமா?"

"சரி, ரெண்டு."

"ஜெல்."

கடைக்காரர் எழுந்தார். "அப்ப வரேன். என் மச்சான் முதுகு வலிக்குப் போடற மாத்திரை ஒரு அட்டை குடுத்திருக்கான். நேத்தும் போட்டேன், இன்னிக்குக் காலையிலயும் போட்டேன். பிரமாதமா கேக்குது."

நொண்டிக்கொண்டே கதவு வரை போனார். கதவு வரை போனவரைக் கூப்பிட வேண்டும், அது உலக வழக்கம். டாக்டர் கூப்பிடவில்லை. கைப்பிடி உறுதியாக இருக்கிறதா என்று சோதிப்பவர் போல அதை இரண்டு முறை ஆட்டிப் பார்த்துவிட்டு, கடைக்காரரே திரும்பி வந்து உட்கார்ந்தார்.

டாக்டர் கையை நீட்டினார். "அந்த அட்டையைக் காட்டுங்க." வாங்கிப் பார்த்தார். "இதுவும் அதே குடும்பத்து மாத்திரைதான். ரெண்டையும் சேர்த்துப் போட்டா பலன் ரெட்டிப்பாகாது சார், ஆபத்துதான் ரெட்டிப்பாகும்."

கடைக்காரர் முகம் பளிச்சென்று மலர்ந்தது. "அப்படின்னா எக்ஸ்சேஞ்ச்! மச்சான் அட்டை உங்களுக்கு, புது மாத்திரை எனக்கு!"

"ஒத்துக்கோங்க டாக்டர், பாவம்," என்றாள் மனைவி.

டாக்டர் அட்டையை மேஜை டிராயருக்குள் போட்டார். "ஒரு நாளைக்கு ஒண்ணு. ரெண்டே நாள்."

"சனிக்கிழமை வரைக்கும்!"

"இன்னிக்கு மச்சானோடது உள்ளே போயாச்சு. நாளையிலேர்ந்துதான்."

"நாளையிலேர்ந்து அஞ்சு நாள். கையைக் குடுங்க!"

டாக்டர் பெருமூச்சு விட்டபடி கையைக் கொடுத்தார். கடைக்காரருக்குப் பேரம் சூடு பிடித்துவிட்டது.

"வெறும் வயித்துல போடச் சொல்லிடப் போறாங்க, பாருங்க," என்று மனைவி முணுமுணுத்தாள்.

"அதானே! சாப்பிட்டப்புறம்தான் போடுவேன். வெறும் வயித்துலன்னா பேச்சே வேண்டாம்!" மேஜையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"சரி சார், சாப்பிட்டப்புறம்."

"கொசுறு?"

"அது என்ன கொசுறு?"

"வயித்தைக் காப்பாத்த ஒரு மாத்திரை இருக்காமே. கொசுறு வாங்காம நான் எந்த இடத்துலேர்ந்தும் எழுந்ததில்லை."

"போட்டுடறேன்."

"கேரண்டி?"

"மலம் கறுப்பாப் போனா, வயிறு எரிஞ்சா, பாதம் வீங்கினா, மாத்திரையை நிறுத்திட்டு நேரா இங்க வரணும்."

"வேகமான பாட்டுக்கு ஆடலாமா?"

"மெதுவான பாட்டு. ஒண்ணே ஒண்ணு."

"ரெண்டு!"

"…ரெண்டு."

வெளியே வந்தபோது கால் நொண்டினாலும் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. "பார்த்தியா? ஜெல்லுல ஆரம்பிச்ச டாக்டரை எங்கே கொண்டுவந்து நிறுத்தினேன்!"

"உங்களை யாருங்க ஜெயிக்க முடியும்?" என்றாள் மனைவி.

மருந்து கொடுக்கும் ஜன்னலில் அவர் வாயைத் திறக்கும் முன்பே ஒரு பொட்டலம் வந்து விழுந்தது. மேலே ஒட்டியிருந்ததைப் படித்தார். 'நாளை காலை முதல் ஐந்து நாள். தினம் ஒன்று, சாப்பிட்ட பின். வயிற்றுக்கு ஒன்று, சாப்பிடும் முன். வேறு வலி மாத்திரை கூடவே கூடாது. ஆட்டம்: மெதுவான பாட்டு இரண்டு.'

"அதுக்குள்ள எப்படிம்மா கட்டினே? இப்பதானே பேசி முடிச்சுட்டு வரேன்!"

"காலையில ஒன்பது மணிக்கே சீட்டு வந்துடுச்சு சார்," என்றாள் ஜன்னலில் இருந்த பெண். "அம்மாதான் போன் பண்ணி டாக்டர்கிட்ட எல்லாம் பேசிட்டாங்களாமே?"

கடைக்காரர் மெல்லத் திரும்பினார். மனைவி காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நம்ம கடையில நீங்க விலையை ஏத்திச் சொல்வீங்க, நான் 'பாவம், குறைச்சுக் குடுங்க'ன்னு வந்தவங்க பக்கம் பேசுவேன், கடைசியில நாம முன்னாடியே நினைச்ச விலைக்குத்தானே வந்து நிக்கும்?" என்றாள். "இன்னிக்கும் அதேதாங்க. விலை சொன்னது மட்டும் டாக்டர்."