முட்டை வேகும் வரை

"கண்ணு தெரியாதவளைத் தனியா அடுப்படியில விட்டுட்டுக் கிளம்புறீங்களே மாப்பிள்ளை, உங்களுக்கு மனசு வருதா?"

தங்கையின் கணவர் குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை அவருக்கு. "அவ பாத்துக்குவாக்கா" என்று மட்டும் சொன்னார். பிறகு, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "நான் போயிட்டு வர்றேன்" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துவிட்டு, வாசல் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சர்க்கரை நோய் தங்கையின் கண்ணைப் பறித்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எப்படி இருக்கிறாள் என்று பார்த்துவிட்டுப் போக நேற்று வந்த அக்கா, அவள் முழங்கையில் இருந்த தீக்காயத் தழும்பைப் பார்த்ததிலிருந்து சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. பால் பாத்திரம் பட்டுவிட்டது, அதற்கப்புறம்தான் அவர் கேஸ் அடுப்பை எடுத்துவிட்டு எலெக்ட்ரிக் பிரஷர் குக்கர் வாங்கி வைத்தார் என்று தங்கை சாதாரணமாகச் சொன்னாள்.

குக்கர் வாங்கிக் கொடுத்துவிட்டால் புருஷன் கடமை தீர்ந்ததா?

"நீ வந்து உக்காரு. முட்டையை நான் அவிச்சுத் தர்றேன்" என்றாள் அக்கா.

தங்கை கேட்கவில்லை. ஒரு முட்டை அவிக்கக்கூட ஆள் வேண்டும் என்றால் அப்புறம் நான் எதற்கு என்றாள். யாராவது பக்கத்தில் நின்றால் கை தடுமாறும் என்று சொல்லி அக்காவை ஹாலுக்கே துரத்திவிட்டாள்.

ஹாலில் உட்கார்ந்தால் காது மட்டும்தான் வேலை செய்தது. பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றும் சத்தம். உள்ளே கம்பித் தட்டை வைக்கும் சத்தம். அதன்மேல் முட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கும் மெல்லிய சத்தம். மூடியைத் திருகியதும் குக்கர் பீப் என்றது.

அப்புறம் ஒன்றும் இல்லை. அந்த அமைதிதான் அக்காவுக்குத் தாங்கவில்லை. பத்திரிகையை எடுத்தாள், வைத்தாள். தண்ணீர் குடித்தாள். அவள் தையல் கடைக்கு வரும் ஒருத்திக்குக் குக்கர் ஆவி அடித்து முகம் வெந்துபோனது வேறு நினைவுக்கு வந்து தொலைத்தது.

மறுபடி பீப் என்று கேட்டது.

இனி ஆவியைத் திறந்துவிட வேண்டும். அதற்கான வால்வு மூடியின் மேலேயே இருக்கிறது. கை கொஞ்சம் தள்ளிப் பட்டாலும் தோல் உரிந்துவிடும். அக்காவால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. சத்தம் போடாமல் எழுந்து அடுப்படி வாசலுக்குப் போனாள்.

போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

தங்கை மேடை விளிம்பைத் தடவிக் குக்கரின் கைப்பிடியைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு கையில் மரக் கரண்டி. அவளுக்குப் பின்னால், ஃப்ரிட்ஜுக்கும் பின்கதவுக்கும் நடுவில், அவள் கணவர் நின்றுகொண்டிருந்தார். வெறுங்கால். கழற்றிய ஷூக்களை நெஞ்சோடு அணைத்திருந்தார். மூச்சுச் சத்தம்கூடக் கேட்காமல் இருக்க வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

அக்காவைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார். கண்ணாலேயே கெஞ்சினார்.

தங்கை கரண்டிக் காம்பால் வால்வைத் தள்ளினாள். ஆவி சீறிக்கொண்டு எழுந்தது. அவளுடைய கை ஒரு கணம் அதன் பக்கமாகவே போனது. அவர் கை பாய்ந்து வந்து அவள் முழங்கைக்குக் கீழே, தொடாமல், காற்றில் நின்றது. அவளே சுதாரித்துக் கையை இழுத்துக்கொண்டாள். அவரும் இழுத்துக்கொண்டார்.

சீறல் அடங்கியதும் தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டு மூடியைத் திறந்தாள். இடுக்கியால் முட்டைகளைக் கிண்ணத்துக்கு மாற்றி, தொட்டியில் வைத்துக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில் அவர் பின்கதவு வழியாக நழுவிவிட்டார்.

அக்கா பின்னாலேயே போனாள். அவர் வெளிப்படியில் உட்கார்ந்து ஷூ போட்டுக்கொண்டிருந்தார்.

தினமும் இப்படித்தான் என்றார். தினமும் தாமதமாகப் போவதால் மேலதிகாரி எச்சரித்துவிட்டாராம். "நான் நிக்கிறது தெரிஞ்சா, என்மேல நம்பிக்கை இல்லையான்னு கேட்டுட்டு அடுப்படிப் பக்கமே வரமாட்டா. அப்புறம் மூலையில முடங்கிடுவா. நீங்க சொல்லிடாதீங்கக்கா."

வாசலில் வைத்துத் தான் கேட்ட கேள்வியை நினைத்து அக்காவுக்கு வெட்கமாக இருந்தது. சொல்லமாட்டேன் என்று தலையாட்டினாள்.

அவர் வேகமாக நடந்து போனார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது குழாய் இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. தங்கை அதன்மேல் கையை வைத்தபடி அசையாமல் நின்றிருந்தாள்.

"அக்கா, அவர் தெருமுனை தாண்டிட்டாரா?"

அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "யாரு... மாப்பிள்ளையா? அவர்தான் அப்பவே போயிட்டாரே."

"பொய் சொல்ல வராது உனக்கு" என்று தங்கை சிரித்தாள். "கண்ணுதான் போச்சு. அவர் சட்டையில இருக்கிற கிரீஸ் வாசனைகூடவா தெரியாது?"

"தெரிஞ்சும் ஏன்டி சொல்லாம இருக்கே?"

"சொன்னா கூச்சப்பட்டுட்டு நாளையிலேருந்து இங்க வந்து நிக்கவே மாட்டார். எனக்கு ஒண்ணும் ஆகலைன்னு கண்ணால பார்க்காமப் போனா, அங்க லிஃப்ட் மேல ஏறி நிக்கிறப்ப நினைப்பெல்லாம் இங்கதானே இருக்கும்? எனக்குப் பயமா இருக்கு அக்கா."

தங்கை குழாயை மூடினாள்.

"முட்டை எப்பவோ ஆறிடுச்சு. அவர் மாட்டிக்காம வெளிய போகட்டும்னுதான் தினமும் இவ்வளவு தண்ணியைக் கொட்டுறேன்."