தொண்ணூற்றேழு டிகிரி

கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் லோஷினிக்கு இருமல் வந்தது.

உள்ளே தூசு பஞ்சு பஞ்சாக அடைந்திருந்தது. காலையிலிருந்து இது மூன்றாவது வீடு. முதுகு வலி தோள் வரை ஏறியிருந்தது. பத்து பாகாட் ஊரில் ஒரு வாரமாக மழையில்லை. மூன்று மணி வெயிலில் வரவேற்பறையே புழுங்கிக்கொண்டிருந்தது.

"பாடம் எடுக்கிறப்ப பாதியிலயே நின்னுடுதும்மா. நேத்து மட்டும் மூணு தடவை," என்றார் உமாதேவி.

நாற்பத்தைந்து வயது இருக்கும். பள்ளி இறுதியாண்டான ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு வீட்டிலிருந்தபடியே இணையத்தில் கணக்குப் பாடம் எடுப்பவர். கணவர் கண்ணப்பன் டவுனில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். இரண்டு நாளாகத் தூங்காதவரைப் போலிருந்தார் உமாதேவி.

"சூடு தாங்காமத் தானா நிக்குதுக்கா. பார்த்திடலாம்."

எட்டு வருடமாக வீடு வீடாகப் போய் இதே வேலை. லோஷினியின் கைகள் யோசிக்காமலே நகர்ந்தன. தூசை ஊதினாள். விசிறியைக் கழற்றினாள். ப்ராசஸர் மேல் பூசியிருந்த பசை சுண்ணாம்பாகக் காய்ந்து போயிருந்தது. துடைத்து, புதிதாக ஒரு பொட்டு வைத்து, விசிறியைப் பொருத்தி, சுவிட்சைப் போட்டு, திரையின் மூலையில் சூட்டைக் காட்டும் எண்ணைப் பார்த்தாள்.

ஐம்பது டிகிரி. எழுபது. எண்பத்தெட்டு.

தொண்ணூற்றேழு.

திரையில் வேறு எதுவுமே திறந்திருக்கவில்லை. சும்மா நிற்கும் இயந்திரம் ஏன் இப்படிக் கொதிக்கிறது?

ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் பட்டியலைத் திறந்தாள். முதல் வரியில் இருந்த ஒன்று மட்டுமே முக்கால்வாசி சக்தியைத் தின்றுகொண்டிருந்தது.

அந்தப் பெயரை லோஷினி முன்பே பார்த்திருக்கிறாள். பாசிர் கூடாங்கில் ஓர் அலுவலகத்தில், முதலாளி அந்த நிரலை வேலையாட்களின் கணினிகளில் ரகசியமாகப் போட்டு வைத்திருந்தார். திரையில் நடப்பதை எல்லாம் விடாமல் படம் பிடித்து வேறோர் இடத்துக்கு அனுப்பும். ஒலிவாங்கி இருந்தால் பேச்சையும் கேட்கும்.

இங்கே அதைப் போட்டவருக்குச் சரியாகப் போடத் தெரியவில்லை. அதனால்தான் இவ்வளவு சூடு.

அதை நீக்குவதற்காகச் சுட்டியை நகர்த்தினாள்.

உமாதேவியின் கைப்பேசி அடித்தது.

"ஆமாங்க, வந்திருக்காங்க. பொண்ணுதான்." சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "இல்லங்க, எதையும் அழிக்கல. சும்மா பார்க்கிறாங்க."

லோஷினி சுட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டாள். கண்ணப்பனின் கடை இங்கிருந்து நான்கு கிலோமீட்டர்.

உமாதேவி கைப்பேசியை விசைப்பலகைக்குப் பக்கத்திலேயே வைத்தார்.

"வாம்மா, முதல்ல ஒரு வாய் தண்ணி குடி."

சமையலறைக்குள் போனதும் குழாயை முழுதாகத் திறந்துவிட்டார். கழுவுதொட்டியில் தண்ணீர் சடசடவென்று விழுந்தது.

"அக்கா, அது என்னன்னு உங்களுக்கு..."

"தெரியும். ரெண்டு வருஷமாத் தெரியும். போன்லயும் இருக்கு."

"எடுத்துடுறேன்க்கா. பத்து நிமிஷ வேலை."

"எடுத்தா இன்னைக்கே தெரிஞ்சிடும். அப்புறம் என்னை வாசல் தாண்ட விடமாட்டாரு."

அழவில்லை. கடையில் வாங்க வேண்டிய சாமான்களைச் சொல்வதுபோல் சொன்னார். குரலில் அலுப்பு மட்டும் இருந்தது.

"அப்ப நான் என்ன செய்யணும்?"

"சூட்டை மட்டும் குறைச்சுக் குடு. கம்ப்யூட்டர் நின்னுச்சுன்னா நான்தான் வேணும்னே நிறுத்திட்டேன்னு கடையை விட்டுட்டு வந்துடுறாரு. நேத்து மூணு தடவையும் வந்தாரு."

லோஷினி அப்போதுதான் அவருடைய மணிக்கட்டில் கன்றியிருந்த தடத்தைப் பார்த்தாள். உமாதேவி சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இன்னும் பதினெட்டு நாள் ஓடினாப் போதும்மா. ஒண்ணாம் தேதி ஈப்போல ஒரு பள்ளிக்கூடத்துல வேலைக்குச் சேரணும். தங்கவும் இடம் குடுக்கிறாங்க."

குழாயை மூடினார். வீடு சட்டென்று அமைதியானது.

லோஷினி திரும்ப வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ப்ராசஸர் எவ்வளவு வேகமாக ஓடலாம் என்ற அளவை நூறிலிருந்து அறுபதுக்கு இறக்கினாள். கணினி இனி கொஞ்சம் மெதுவாக ஓடும், ஆனால் நிற்காது.

தொண்ணூறு. எண்பத்தொன்று. அறுபத்தெட்டு.

பட்டியலின் முதல் வரியில் அந்தப் பெயர் அப்படியே இருந்தது. அதை அவள் தொடவில்லை. பட்டியலை மூடினாள். தகட்டைப் பொருத்தி நான்கு திருகுகளையும் முறுக்கினாள்.

பிறகு திரைக்கு மேலிருந்த, ஒலிவாங்கி பொருத்திய சிறிய கேமராவின் பக்கம் முகத்தைத் திருப்பி, வழக்கத்தைவிடச் சத்தமாகச் சொன்னாள்.

"வெறும் தூசுதான்க்கா. வேற ஒண்ணும் இல்ல. இனி ஒரு வருஷத்துக்கு நீங்க இதைப் பத்திக் கவலையே பட வேணாம்."