இருபது நிமிடச் சோதனை

ஆறாவது நிமிடத்தில் கீழ்வீட்டு டோல்யா மாமா குழாயைத் தட்ட ஆரம்பித்தார்.

நான் மிதித்துக்கொண்டிருந்தேன். நிறுத்த முடியாது. இருபது நிமிடம், சராசரி இருநூற்று நாற்பது வாட். அதில் ஒன்று குறைந்தாலும் தேசிய சைக்கிள் அணியின் பயிற்சி முகாமில் எனக்கு இடமில்லை.

எங்கள் ஊர் பெத்ரோபாவ்லில் நவம்பரிலிருந்து மார்ச் வரை சாலையில் சைக்கிள் ஓட்டுவது நடக்காத காரியம். அன்று வெளியே மைனஸ் முப்பத்து நான்கு. பின்சக்கரத்தைக் கழற்றி, சைக்கிளை ட்ரெய்னர் என்கிற நகராத தாங்கியில் மாட்டிக் கூடத்திலேயே மிதிப்பேன். ஐந்து மாதம் ஓட்டினாலும் எதிர்ச்சுவர் ஒரு அடிகூட நெருங்காது.

ட்ரெய்னரின் உறுமல் கீழே இறங்கும். மாமா சரக்கு ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவர், தனியாள். இரண்டு வீட்டுக்கும் பொதுவான வெந்நீர்க் குழாயைக் கரண்டியால் மூன்று தட்டு தட்டுவார். மறுநாள் மாடிப்படியில் பிடித்துக்கொள்வார்.

"என்ன எஞ்சினு, நேத்து எது வரைக்கும் போனே? அஸ்தானா வந்துச்சா, இல்ல இன்னும் என் தலைமேலயேதானா?"

அம்மா ரொட்டிக்கடை வேலைக்குப் போயிருந்தாள். ஜன்னலோரம் சாய்த்து வைத்த செல்போன் என்னைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. அல்மாத்தியிலிருந்து கோச் செரிக்போல் சொல்லியிருந்தார்: முதலிலிருந்து கடைசிவரை ஒரே வீடியோ, ட்ரெய்னர் திரையில் வாட் எண் தெரிய வேண்டும், தேர்வுக் குழுவுக்குக் காட்ட வேண்டும்.

அன்று தட்டு மூன்றோடு நிற்கவில்லை. நான்கு, ஐந்து. விட்டு விட்டு வந்தது.

வருஷத்தில் ஒரே ஒரு நாள் பொறுக்கக் கூடாதா இந்த மனுஷன் என்று எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சல் காலில் இறங்கியது. இருநூற்று முப்பத்தெட்டில் தடுமாறிக்கொண்டிருந்த எண் நாற்பத்திரண்டுக்கு ஏறியது.

கடைசி நிமிடத்தில் கண் இருண்டது.

இருநூற்று நாற்பத்தொன்று.

இறங்கவில்லை, விழுந்தேன். தரையில் கன்னம் பதித்துக் கிடந்தேன். கீழே சத்தமே இல்லை. பிறகு எழுந்து குளித்தேன். வீடியோவை அனுப்பினேன்.

சாயங்காலம் அம்மா வழக்கம்போல மாமாவுக்கு ரொட்டி கொண்டுபோனாள். கதவு திறக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் வந்து உடைத்தார்கள். குழாயடியில் கிடந்தார். உடம்பு சில்லிட்டிருந்தது. கரண்டி கைக்குள்ளேயே இருந்தது.

மாரடைப்பு என்றார் ஆம்புலன்ஸில் வந்த டாக்டர். விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் உயிர் இருந்திருக்கிறது, அப்போதே யாராவது பார்த்திருந்தால் பிழைத்திருக்கக்கூடும் என்றார்.

அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"எப்பவும்போலத் தட்டுறார்னு நெனச்சேம்மா."

என்னை இழுத்துக் கட்டிக்கொண்டாள். அடக்கத்துக்கு வந்த எல்லோரும் அதையே சொன்னார்கள். உனக்கு எப்படித் தெரியும், தினமும் தட்டுகிற மனிதர்தானே. கொஸ்தனாயிலிருந்து வந்த அவர் மகள்கூட என் தலையைத் தடவி அப்படித்தான் சொன்னாள். நான் விக்கி விக்கி அழுதேன். அந்த அழுகையில் பொய் இல்லை.

ஒன்பதாம் நாள் சாப்பாட்டுக்கு அவர் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது கோச் கூப்பிட்டார். போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு வந்தேன்.

"செலக்ட் ஆயிட்டே ஜிபெக். ஞாயித்துக்கிழமை முகாமுக்கு வந்துடு."

நன்றி சொன்னேன். அவர் போனை வைக்கவில்லை.

"உங்கம்மா எல்லாம் சொன்னாங்க. நானும் வீடியோவ மறுபடி போட்டுக் கேட்டேன். சத்தத்தை எடுத்துட்டுத்தான் குழுவுக்கு அனுப்பியிருக்கேன். உன் போன்ல இருக்கறத நீயும் அழிச்சுடு."

சரி என்றேன். அங்கேயே நின்று அழித்தேன்.

பன்னிரண்டாவது நிமிடத்தில் தட்டுவது நின்றுபோய், குழாய் தரையைத் துளைத்து இறங்கும் இடுக்கு வழியாக மாமாவின் குரல் வந்தது.

"ஜிபெக், கொஞ்சம் கீழ வாம்மா."

மூன்று தடவை கூப்பிட்டார்.

இன்னும் எட்டு நிமிடம்தானே, முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன்.