பால் சிவக்கும் வரை

டிவி கார்ட்டூனில் ஒரு கோழி வாணலியைத் தூக்கி நரியின் மண்டையில் போட்டது. சத்தம் வரவில்லை.

என் தம்பி மகள் கெல்சி தரையில் சம்மணமிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் கிண்ணம். கிண்ணத்தில் பால், பாலில் சிவப்புச் சர்க்கரை வளையங்கள். கரண்டியைப் பிடித்தபடி, சாப்பிடாமல் காத்திருந்தாள்.

சனிக்கிழமை காலை. அக்ரன் நகரில் தம்பி டேலின் வீடு. இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவள், சோபாவில் படுத்து அப்போதுதான் விழித்திருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. நேற்று அப்பன் அளந்ததையெல்லாம் கேட்டுவிட்டு இந்தக் குட்டி நடித்துப் பார்க்கிறது என்று நினைத்தேன்.

நேற்றுச் சாப்பாட்டு மேசையில் டேலுக்கு வேறு பேச்சே இல்லை. நாங்கள் சின்ன வயதில் காலையில் பாலில் போட்டுத் தின்ற இந்தச் சிவப்பு வளையச் சீரியலை, அதே பழைய பெட்டியில், கண்ணடிக்கும் ஒட்டகச்சிவிங்கி படத்தோடு மறுபடி விற்கிறார்களாம். அதை மேசை நடுவில் பிறந்தநாள் கேக் மாதிரி வைத்துக்கொண்டு, மூன்றாவது பீரில் உருகிப்போனான்.

"எங்க வீட்டு டிவி ஊமை. நாய்க்கு, பூனைக்கு, போலீஸ்காரனுக்கு எல்லாம் அக்காதான் குரல் கொடுக்கும், குசுகுசுன்னு. பால் சிவக்கிற வரைக்கும் ஸ்பூனைத் தொட விடாது. ராஜா மாதிரி இருந்தோம்டி."

அவன் மனைவி டெனிஸ் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"டிவி ரிப்பேரா அண்ணி?"

"ஆமா" என்றேன்.

அவள் இன்னும் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். அப்போது கெல்சியின் கரண்டி தட்டில் விழுந்தது. கை வழுக்கிவிட்டது என்று, யாரும் கேட்காமலே சொன்னாள்.

எங்கள் டிவி நன்றாகத்தான் இருந்தது. டயர் ஃபேக்டரியில் ராத்திரி ஷிப்ட் முடித்து, வழியில் குடித்துவிட்டு வந்து படுத்திருக்கும் அப்பாவைத்தான் எழுப்பக் கூடாது. துளி சத்தம் கேட்டாலும் பெல்ட்டோடு கதவைத் திறப்பார். அதனால் டிவியை நான்தான் ஊமையாக்கினேன்.

நாலு வயதுப் பிள்ளை வளையங்களை நறுக் நறுக்கென்று கடித்தால் அதுவும் கேட்கும். வளையங்களின் சாயம் இறங்கிப் பால் சிவந்த பிறகு தின்றால்தான் ருசி என்று ஒரு கதை கட்டினேன். ஊறிப்போனது சத்தம் போடாது. டேல் நம்பினான். இன்று வரை நம்புகிறான். அவனுக்கு அந்த வீட்டிலிருந்து இனிப்பு மட்டும் ஞாபகம் இருக்கிறது என்பதில் எனக்கு உள்ளூர ஒரு கர்வம் உண்டு.

அவனுக்குத் தெரியாத வேலை ஒன்றும் இருந்தது. அட்டைப்பெட்டிக்குள் மெழுகுக் காகிதப் பை இருக்கும். காலையில் அதைத் தொட்டால் போதும், சரசரவென்று வீடு முழுக்கக் கேட்கும். அதனால் வெள்ளிக்கிழமையே, அப்பா வேலைக்குப் போய் டேலும் தூங்கிய பிறகு, பையைப் பிரித்து இரண்டு கிண்ணங்களில் கொட்டி, மேலே தட்டைப் போட்டு மூடி வைத்துவிடுவேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

எழுந்துபோய்க் கெல்சியின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்னடி, ஊமைப் படமா? நான் குரல் கொடுக்கணுமா?"

அவள் சட்டென்று உதட்டில் விரலை வைத்தாள். பிறகு என் காதோடு ஒட்டிக்கொண்டாள்.

"பால் இன்னும் சிவக்கல அத்தை. உனக்கும் இருக்கு, கிச்சன்ல."

கிச்சனுக்குப் போனேன். ஒட்டகச்சிவிங்கிப் பெட்டி அலமாரியின் உச்சியில், கைக்கு எட்டாத இடத்தில் இருந்தது. கீழே மேடையில் ஒரு கிண்ணம். அதன் மேல் ஒரு தட்டு.

தட்டைத் தூக்கினேன். உள்ளே சிவப்பு வளையங்கள் விளிம்பு வரை இருந்தன.

கெல்சி பூனை மாதிரி பின்னாலேயே வந்திருந்தாள்.

"யாருடி இப்படி எடுத்து வச்சது?"

"அம்மா. வெள்ளிக்கிழமைன்னா எப்பவும் அம்மா முன்னாடியே போட்டு வச்சிருவாங்க."

எப்பவும் என்றாள். நேற்றைய பேச்சைக் கேட்டுச் செய்ததல்ல. டேல் சொல்லிக்கொடுத்திருக்கவும் முடியாது, அவனுக்கே தெரியாத விஷயம் அது.

டெனிஸ் நேற்று மேசையில் என்னிடம் கேள்வி கேட்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தன் வீட்டிலும் அப்படித்தான் என்று அவள் என்னிடம் சொல்லிப் பார்த்திருக்கிறாள். நான் "ஆமா" என்று ஒரே வார்த்தையில் அவள் வாயை அடைத்துவிட்டேன்.

படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. அதற்குப் பின்னால் என் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். டெனிஸும் உள்ளேதான் இருந்தாள். தூங்கியிருக்க மாட்டாள்.

கெல்சியைக் கூட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்து டிவியின் சத்தத்தைக் கூட்டினேன். வாணலி நரியின் மண்டையில் ணங்கென்று விழுந்தது. கெல்சி என் நைட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்த பிறகு, எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

அவளை என் பின்னால் தள்ளி நிறுத்தி, ஒரு நாற்காலியை இழுத்துக் கதவைப் பார்க்கப் போட்டு உட்கார்ந்தேன். சின்ன வயதிலும் இப்படித்தான் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஆனால் அன்றைக்குக் கதவைத் திறந்துகொண்டு வந்தவர் என்னைப் பெற்றவர். இப்போது வரப்போகிறவனுக்குக் கரண்டி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவள் நான்.