பின்னறைக்கு எந்த வாசனை

பதுளைக் கடைத்தெரு எரிகிறது. தமிழர்களைத் தேடி ஆட்கள் வீடு வீடாக வருகிறார்கள். ஹம்ஸியா கூடத்தில் சாம்பிராணி போடுகிறாள். கக்கூஸில் பினாயில் ஊற்றுகிறாள். பின்னறைத் திரையில் அத்தரைத் தேய்க்கிறாள். உள்ளே, ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துப் பாக்கியலெட்சுமி கைக்குழந்தையோடு ஒளிந்திருக்கிறாள். “இவ்வளவு அத்தரா? கல்யாண ஊடு மாதிரி மணக்குது” என்கிறான் ஹம்ஸியாவின் கணவன் ஷுக்ரி. “புள்ளட கையில கட்டின வசம்பு மணக்குதே. நம்மட ஊட்டுல கைப்புள்ள இல்லண்டு தெருவுக்கே தெரியும்.” கதவு தட்டப்படுகிறது. வந்தவர்கள் கூடத்தில் நின்று மூச்சை இழுக்கிறார்கள். சாம்பிராணிப் புகையில் ஒருவன் தும்முகிறான். எல்லோரும் வெளியேறத் திரும்புகிறார்கள். பின்னறையில், முந்தானையில் முடிந்து வந்த கற்பூரத்தைப் பாக்கியலெட்சுமி மாரியம்மனுக்கு ஏற்றுகிறாள். அத்தரை மீறி அந்த வாசனை கூடத்துக்கு வருகிறது. வாசற்படியைத் தாண்டப்போன கடைசி ஆள் நின்று, மெல்ல மோந்து பார்க்கிறான்.